எனக்கும் எஸ்.ஐ.க்கும் பிரச்சினை

ஜூன் 3, செவ்வாய்

பொங்கலுக்கு மைத்துனர் கொடுத்த நூற்பாலை டைரி ஐந்து மாதமாகத் தீவன மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். என்னைப் பற்றி எழுத அல்ல. ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஐந்து குதிரைகளை வைத்துக்கொண்டு குதிரையேற்றப் பள்ளி நடத்தும் நாற்பத்தெட்டு வயது ஆளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? எழுதப்போவது சம்பங்கியைப் பற்றி, அதாவது அவளுடைய குறைகளைப் பற்றி.

எங்கள் இரண்டு வெள்ளைக் குதிரைகளில் சம்பங்கி இளையவள். ஏழு வயது. குட்டியிலிருந்து நானே பழக்கியவள். மூன்று மாதமாக வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறாள். வலது வட்டம் போட ஆரம்பித்தால் நழுவி நழுவி இடது பக்கமே வருகிறாள். கடிவாளத்தை இழுத்தால் கழுத்தை மட்டும் வலது பக்கம் காட்டிவிட்டு உடம்பை இடது பக்கம் கொண்டு போகிறாள். பசப்புக்காரி.

உடுமலையில் கல்யாண சாரட்டு வண்டி ஓட்டும் நஞ்சப்பன் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை என்றால் கிராக்கி. ஊர்வலத்தில் நேராகப் போனால் போதும், வலது வட்டமெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எனக்கு இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 5, வியாழன்

கால்நடை டாக்டர் வந்து சம்பங்கியின் முதுகு, தோள், குளம்பு எல்லாம் பார்த்தார். குதிரைக்கு ஒன்றுமில்லையாம். "ஓட்டுறவங்களை மாத்திப் பாருங்க" என்றார். மாடு பார்க்கிற டாக்டருக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்?

வசந்தாமணி சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இது எடது பக்கமா சரிஞ்சு கெடக்குது பாருங்க. எடது கால் மாட்டுற ஸ்டிரப்பு வாரு வேற நீண்டு போயிருக்குது" என்றாள். தோல் மட்டம், இப்போதெல்லாம் எல்லாம் மட்டமான சரக்கு என்றேன். அவள் என் மனைவி. இந்தப் பள்ளியின் கணக்கு, தீவனம், மாணவர்களின் அம்மாக்கள் எல்லாம் அவள் பொறுப்பு. குதிரை ஏறுவது மட்டும் என் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் அவளும் ஏறினாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதுகு வளைகிறது, கை ஆடுகிறது, கோணலாக உட்காருகிறாய் என்று ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டாள். பொறுமை பத்தவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் கட்டிலை விட்டு எழுந்த முறையை இங்கே பதிவு செய்கிறேன். முதலில் இடது பக்கம் புரண்டேன். பிறகு கட்டிலின் காலைப் பிடித்துத் தரையில் மண்டியிட்டேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து வசந்தாமணி சத்தம் போடாமல் வெளியே போனாள். மண்டியிட்டபடியே அலமாரி வரை போய், அதைப் பிடித்து ஏறி நின்றேன். வலது பிட்டத்துக்கு மேலே, பள்ளம் விழுமே, அந்த இடத்தில் யாரோ திருப்புளி வைத்துத் திருகியது போல இருந்தது.

பத்து மணி வகுப்பில் பிள்ளைகளிடம் "குதிரை மேல உக்கார்ற ஆளு தென்னை மாதிரி நிக்கோணும்" என்று முழங்கினேன். இறங்கும்போது வலது காலைத் தூக்கமுடியவில்லை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்து இறங்கினேன். சம்பங்கி அசையாமல் நின்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். இது புது மாதிரி இறக்கம் என்று சொல்லிவைத்தேன். அடுத்த வகுப்பில் ஆறு பேரும் அப்படியே இறங்குவார்கள்.

ஜூன் 9, திங்கள்

பால்காரர் குப்பண்ணன் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்று ஊரே நம்புகிறது. நான் நம்புவதில்லை. ஆகவே யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, லாயத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன்.

"மூணு மிதிதானுங்க மாஸ்டரே, பல்லைக் கடிச்சுக்கோங்க" என்றார். முதல் மிதியில் என் அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டாவதில் தாத்தாவை. மூன்றாவது மிதி வேண்டாமென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "பாதியில உட்டா பலிக்காதுங்க" என்று வருத்தத்தோடு பால் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். இனி வலி குறையவில்லை என்றால் அது மூன்றாவது மிதியை மறுத்த என் குற்றம்.

ஜூன் 11, புதன்

நஞ்சப்பனிடம் முன்பணம் வாங்கிவிட்டேன். மாதக் கடைசி ஞாயிறு லாரியோடு வருகிறார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அந்த ஒரு மாதம் சாரட்டுக்குப் பழக்கிவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராகிவிடுவாளாம்.

வசந்தாமணி சாப்பாடு போட்டாள். ரசத்தில் உப்பில்லை. உப்பைக் கேட்காமலே சாப்பிட்டு முடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இருமினால்கூட வலிக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே "என்னங்க பிரச்சினை?" என்றாள்.

"இடுப்பு வலிங்க."

"மொதல் மாடி, பிரசவ வார்டு. அவங்களை நடக்க வைக்காதீங்க, வீல்சேர்ல ஏத்துங்க. எத்தன நேரமா வலிக்குது?"

"மூணு மாசமா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்குத்தாங்க வலி" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற முழுகாமல் இருந்த ஒரு பெண்ணின் மாமியார் என் வயிற்றைப் பார்த்தார். வயிறும் அதற்குத் தகுந்த அளவில்தான் இருக்கிறது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாக இருக்கிறதாம். மல்லாக்கப் படுக்கவைத்து வலது காலை மடக்கி, கணுக்காலை இடது முட்டிமேல் போட்டு, முட்டியை ஒரு அழுத்து அழுத்தினார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். "எஸ்.ஐ. ஜாயின்ட்" என்றார். முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டாம். வலது பக்கத்தில் அது கோபித்துக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் குதிரை ஏறக்கூடாது, பிசியோதெரபிக்குப் போகவேண்டும், பெல்ட் போடவேண்டும் என்றார். நான் குதிரை மாஸ்டர் என்றேன். அப்படியானால் எட்டு வாரம் என்றார்.

ஜூன் 14, சனி

வசந்தாமணி அவள் அண்ணனிடம் போனில் பேசினாள். "அவருக்கு எஸ்.ஐ. பிரச்சினையாமாண்ணா. மூணு மாசமா எங்கிட்டயே சொல்லாம மறைச்சிருக்கறாரு. டாக்டரு சொல்லித்தான் தெரியுது." குப்பண்ணன் வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு மாணவர்களின் அப்பாக்கள் போன் செய்து பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதனால் கொஞ்ச நாள் வரமாட்டார்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்தே பத்து நாள்தான் ஆகிறது. என்ன பரீட்சையோ.

மாலையில் தீவனக் கடைக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "எஸ்.ஐ.க்கும் உங்களுக்கும் என்னுங்க தகராறு?" என்றார்.

உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "வலது பக்கம்தானுங்க தொந்தரவு. கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்கறாங்க" என்றேன்.

"டிரான்ஸ்பருங்களா?"

"இல்லீங்க, எடத்துலயேதான். அழுத்தம் குடுத்தா உயிர் போகுது."

"அழுத்தம் எங்கிருந்துங்க வருது? கட்சிக்காரங்களா?"

அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுக்க எனக்கும் போலீஸ் எஸ்.ஐ.க்கும் பிரச்சினை என்று பேச்சு. பாவம், அந்த மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லை. சிரித்துவிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவேண்டிய விஷயம் என்ன? குதிரை மாஸ்டருக்கு இடுப்பு போய்விட்டது, ஏறமுடியாது. அதைவிட இது எவ்வளவோ கௌரவமாகப் பட்டது. "பெரிய எடத்துல பேசிட்டிருக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தேன். பத்தடிக்குமேல் நிமிரமுடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பிசியோதெரபி முதல் நாள். ஃபௌசியா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லையாம். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்தி, பத்து எண்ணச் சொன்னார். நான் நாலில் விழுந்தேன். அடுத்த கட்டிலில் எழுபது வயது அம்மா ஒருவர் அதையே செய்துகொண்டு ஃபௌசியாவிடம் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டில் செய்வதற்கு நாலு பயிற்சி. காலுக்குமேல் கால் போட்டு உட்காரக் கூடாது. ஒரே காலில் நின்று வேட்டி கட்டக் கூடாது. பெல்ட்டை வசந்தாமணிதான் கட்டிவிட்டாள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அவளும் இதேமாதிரி ஒன்று கட்டியிருந்தாளாம். எனக்கு ஞாபகமில்லை.

ஜூன் 19, வியாழன்

சாரல். விடிந்ததும் லாயத்துக்குப் போனேன். சம்பங்கியின் முதுகில் சேணம் போடுகிற இடம் மட்டும் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறது போல, ஆள் வரச்சொல்ல வேண்டும்.

வசந்தாமணிக்கும் தொடையில் வலியாம். படி ஏறமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்றேன். சிரித்தாள். முன்பணம் வாங்கிய நாளிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

இன்று ஃபௌசியா ஒரு பெஞ்சின் மேல் இரண்டு எடை மெஷின்களை அருகருகே வைத்தார். "ரெண்டுலயும் பாதிப் பாதியா உக்காருங்க சார். நேரா உக்காந்திருக்கோம்னு உங்களுக்குத் தோணுற மாதிரி உக்காருங்க" என்றார்.

நேராக உட்காருவதைப் பற்றி எனக்கா சொல்லவேண்டும்? இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடி, தோளை விரித்து, தென்னை மாதிரி உட்கார்ந்தேன்.

"குனியாம அப்படியே இருங்க. வலது பக்கம் இருபத்தெட்டு. இடது பக்கம் நாப்பத்தி நாலு."

மெஷின் ரிப்பேர் என்றேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். முள் அதையேதான் சொன்னது. சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். காற்றில் சாய்ந்த வேலிக்கால் மாதிரி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் போட்டிருந்தது என் சட்டை.

"வலது பக்கம் வலிக்கறதால அங்க எடை போடாம நீங்களே இடது பக்கம் சாஞ்சுக்கறீங்க. அது உங்களுக்குப் பழகிப்போச்சு, அதுதான் நேருன்னு தோணுது" என்றார். பிறகு சும்மா பேச்சுக்குக் கேட்டார். "குதிரை ஒண்ணும் சொல்லலையா சார்?"

அது வலது பக்கம் வரமாட்டேன் என்கிறது, எப்போதும் இடது பக்கமே நழுவுகிறது, அதனால் விற்றுவிட்டேன் என்றேன்.

"எம்பையனை உப்புமூட்டை தூக்குவேன் சார். அவன் ஒரு பக்கமா சாஞ்சான்னா, கீழ விழுந்துருவானேன்னு நானும் அந்தப் பக்கமா ரெண்டு எட்டு வைப்பேன். அது மாதிரித்தானே?"

பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டாராம்.

ஜூன் 24, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 25, புதன்

நேற்று எழுத ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். சம்பங்கி மூன்று மாதமாக என்னைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சாயச்சாய எனக்கு அடியிலேயே வந்து நின்றிருக்கிறாள். நான் அதற்குக் கடிவாளத்தை இழுத்து, குதிகாலால் இடித்து, பசப்புக்காரி என்று டைரியில் எழுதி, முன்பணமும் வாங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. லாயத்துக்குப் போய் அவள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் என் பெல்ட்டை மோந்து பார்த்துவிட்டுப் புல்லைத் தின்னப்போனாள்.

நஞ்சப்பனுக்குப் போன் செய்து, விற்கவில்லை என்றேன். "வார்த்தை குடுத்துட்டு மாத்தலாமுங்களா மாஸ்டரே? ஆவணியில நான் கல்யாண ஊர்வலம் ஒத்துக்கிட்டனுங்க" என்று வைத்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஜூன் 29, ஞாயிறு

லாரி பத்து மணிக்கு வந்தது. நஞ்சப்பன் இறங்கியதும் குதிரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மாஸ்டரே, ஒண்ணு கேக்கறன், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கும் எஸ்.ஐ.க்கும் ஏதோ கேசுன்னு உடுமலை வரைக்கும் பேசிக்கறாங்க. குதிரை மேல வில்லங்கம் எதுமில்லீங்களே?"

பால் தூக்கோடு நின்ற குப்பண்ணன் என் காதில் கிசுகிசுத்தார். "ஆமான்னு சொல்லிப்போடுங்க. மனுசன் லாரியத் திருப்பிட்டு ஓடிருவான்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு பொய், சம்பங்கி லாயத்தில், என் மானமும் பத்திரம். ஆனால் செய்யாத குற்றத்தை மூன்று மாதமாக அவள் தலையில் கட்டியவன் நான். இப்போது போலீஸ் கேஸையும் கட்டவேண்டுமா என்று இருந்தது.

"எஸ்.ஐ.ன்னா போலீசில்லீங்க" என்றேன். சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினேன். "இந்த எடத்துல இருக்கற மூட்டு. அது போச்சு. என்னால நேரா உக்காரமுடியறதில்லை. குதிரை வலது பக்கம் வரலைன்னு உங்ககிட்ட சொன்னது தப்புங்க. வராதது நான்தான்."

வகுப்புக்கு வந்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. "அட, அப்ப குதிரைக்குக் குறையே இல்லீங்களா? இன்னும் நல்லதாப் போச்சு. ஏத்துங்க!"

உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

"சொன்னாப் பத்துமா? வலது பக்கம் ஓட்டிக் காட்டறன், பாருங்க" என்று ஒரு குரல் வந்தது. வசந்தாமணி. சுடிதாரில், சம்பங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சேணம் ஏற்கெனவே கட்டியிருந்தது. ஸ்டிரப் வார்களை யாரோ அவள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். லாயத்தில் பார்த்த விடிகாலை ஈரம் வியர்வை என்பதும், அவள் தொடை வலியின் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கின. கூரைக்கு வேறு ஆள் வரச்சொல்லியிருக்கிறேன்.

ஏறினாள். களத்தில் ஒரு சுற்று நடை, பிறகு சின்ன ஓட்டம். பிறகு வலது வட்டம். சம்பங்கி கழுத்திலிருந்து வால்வரை வளைந்து, கோடு பிசகாமல் வட்டம் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவளை இப்படி ஓட்டியது நானாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

"போதுமுங்க, எறங்குங்க, ஏத்திரலாம்" என்றார் நஞ்சப்பன்.

வசந்தாமணி நேராக லாரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "நான் எறங்கறதா இல்லீங்க. ஏத்தறதுன்னா எங்க ரெண்டு பேரையும் ஒட்டுக்கா ஏத்துங்க."

"என்னுங்க இது, வெளையாட்டா?"

"வெளையாட்டில்லீங்க."

அவள் விளையாடவில்லை என்று இருபது வருடம் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியும். நஞ்சப்பனுக்குத் தெரிய அரைமணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. அவர் டீ குடித்தார். டிரைவர் டீ குடித்தார். வசந்தாமணி குதிரை மேலேயே டீ குடித்தாள். நான் அவர் பக்கத்தில் போய் நின்று, எங்களிடம் துரை என்று ஒரு கிழட்டுக் குதிரை இருக்கிறான், அவனும் வெள்ளைதான், காது மந்தம், காலடியில் சரவெடி போட்டாலும் கொட்டாவிதான் விடுவான், ஆவணி முடியும்வரை சும்மா கூட்டிப்போங்கள், முன்பணத்தையும் திருப்பித் தருகிறேன், சம்பங்கியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். குனிந்து கும்பிட்டேன். நிமிரமுடியாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்ததில் அவர் மனம் இளகிவிட்டது.

"அட கெரகமே, நிமிருங்க மாஸ்டரே. சாரட்டுல மாப்பிள்ளையத்தான் கொண்டுபோகோணும். அடுத்தவன் சம்சாரத்தை லாரியில ஏத்திட்டுப் போனன்னா நெசமாவே எஸ்.ஐ. கிட்டப் போய் நிக்கோணும்" என்றார்.

துரை கொட்டாவி விட்டபடி லாரியில் ஏறினான்.

ஜூலை 6, ஞாயிறு

இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணிவிட்டேன். அடுத்த கட்டில் அம்மா கைதட்டினார். பரீட்சை முடிந்து இரண்டு பிள்ளைகளும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

வலி பாதிக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் ஃபௌசியா நேற்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்ன எட்டு வாரம் கழித்து நடை, சின்ன ஓட்டம் வரை போகலாம். தாண்டுவது, நாளெல்லாம் குதிரை மேலேயே இருப்பது எல்லாம் இனிமேல் வேண்டாம். சம்பங்கியைப் பழக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆள் இருக்கிறது என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. அதை எழுதிவைப்பதில் தப்பில்லை.

மாலையில் களத்தின் நடுவில் நின்றேன். வசந்தாமணி சம்பங்கியின் மேல் என்னைச் சுற்றி வலது வட்டம் வந்தாள். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். முதுகைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன். திருத்துவதற்கு ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று இன்னொரு சுற்றும் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் முன்னால் வந்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "எப்புடீங்க?" என்றாள்.

"நல்லா உக்காந்திருந்தே" என்றேன்.

கடிவாளத்தைத் தளர்த்தினாள். பிறகு குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி, "அந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு உங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சாத்தான் ஆகுமாக்கும்?" என்றாள்.